இசைத்தட்டில் ஏறிய திருவாசகம்

குழந்தை பிறந்தால் முதலில் அதன் முகத்தைப் பார்க்கிறோம். சில நாள் சென்ற பிறகுதான் பெயர் வைக்கிறோம். பாட்டு விஷயத்தில் மட்டும் நம்மவர் வழக்கம் நேர் மாறானது. முதலில் பெயர், பிறகு அந்தப் பெயரைப் பற்றிச் சண்டை, சண்டை ஓய்ந்து எல்லோரும் களைத்து உட்காருகிறபோது, ஒருவேளை, பாட்டையும் கேட்பது! 2005-ம் வருஷம் ஜூன் மாத இறுதியில் சென்னையில் வெளியான ஓர் இசைத் தொகுப்புக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. இளையராஜா இசையமைத்த 'திருவாசகம்' என்னும் தொகுப்பையே குறிப்பிடுகிறோம்.

இருபது வருஷங்கள் கடந்துவிட்டன. அன்று எழுந்த கூச்சல் அடங்கிவிட்டது. இப்போது அந்தத் தொகுப்பைப் பற்றி நிதானமாக இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றுகிறது. அப்படிச் சொல்லத் திருவண்ணாமலைக்காரர்களான நமக்குக் கொஞ்சம் பாத்தியதையும் உண்டு. மாணிக்கவாசக சுவாமிகள் நமது ஊருக்கு எழுந்தருளி, இங்கே தங்கிப் பாடியருளினார் என்பது சைவர்களின் நெடுநாளைய நம்பிக்கை. இசையமைத்தவரோ நமது ஊரில் வாழ்ந்து 1950-ல் சமாதியடைந்த ரமண மகரிஷியிடம் ஆழ்ந்த பக்தி பூண்டவர். 'ரமண மாலை' என்று ஒரு தனித் தொகுப்பே செய்தவர். ஆகையால் பாடியவர் பக்கமும் நமக்கு உறவு. இசைத்தவர் பக்கமும் உறவு. இரண்டு பக்கத்திலும் உறவுள்ளவன் கல்யாணத்தில் குறை சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் அல்லவா?

தொகுப்பின் வரலாறு

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம் என்னும் கிராமத்தில் 1943-ல் பிறந்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராஜனின் பாட்டுக் கோஷ்டியோடு ஊர் ஊராகச் சுற்றியவர். பிறகு சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டுச் சங்கீதத்தின் எழுத்து முறையைக் கற்றார். 1976-ல் வெளிவந்த 'அன்னக்கிளி' என்ற படத்தின் மூலம் அவர் பெயர் தமிழ்நாட்டின் தெருவெல்லாம் பரவிய கதையை வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சினிமாவுக்கு வெளியிலும் அவர் சில காரியங்கள் செய்திருக்கிறார். 1986-ல் தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் சமர்ப்பணமாக ஒரு வாத்தியத் தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட தலைப்பே, 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியம். பின்னால் வரப்போகும் பெயர்ச் சண்டையை அவர் அப்போதே எதிர்பார்த்தாரோ என்னவோ!

'திருவாசக'த் தொகுப்பை வெளிக்கொணர்ந்தது 'தமிழ் மையம்' என்னும் அமைப்பு. அதை முன்னின்று நடத்தியவர் ஜெகத் கஸ்பர் ராஜ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். வாத்தியம் வாசித்தவர்கள் ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட் ஸிம்பனி குழுவினர். நடுவில் வரும் ஆங்கிலச் சாஹித்யத்தை எழுதியவர் அமெரிக்க நாடக மேடையில் புகழ் பெற்ற ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். ஆக, ஒரு பாண்டிய மந்திரி பாடிய சைவத் தமிழை, பண்ணைப்புரத்துக்காரர் இசையமைக்க, கிறிஸ்தவப் பாதிரியார் வெளியிட, ஹங்கேரியர் வாசிக்க, அமெரிக்கர் ஒருவர் ஆங்கிலத்தில் வழிமொழிந்தார். இதைக் கண்டு ஆச்சரியப்படுகிறவர்கள், ஆங்கிலேயப் பாதிரியாரான ஜி. யு. போப் தமது எண்பதாவது வயதில், 1900-ம் வருஷம், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலமாக்கி ஆக்ஸ்போர்டில் அச்சிட்டார் என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது. திருவாசகம் மதிலுக்குள் அடங்கி இருந்த நூல் அன்று.

திருவாசகத்தில் 51 பகுதிகள் உள்ளன. அவற்றிலிருந்து ஆறு இடங்களை இளையராஜா எடுத்துக்கொண்டார்: யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து. சிவபுராணத்தை அவர் தொடக்கத்திலிருந்து எடுக்கவில்லை. பல பிறவிகளைக் கடந்து வந்த உயிர் தன் களைப்பைச் சொல்லி முறையிடும் நடுவிடத்திலிருந்து எடுத்தார். அந்த ஓர் உருப்படி மட்டும் ஏறக்குறைய இருபது நிமிஷம் நடக்கிறது. தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வருவது அதில்தான்.

பெயர்ச் சண்டை

தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே 'ஸிம்பனியில் திருவாசகம்' என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. மேனாட்டுச் சங்கீத சாஸ்திரம் தெரிந்தவர்கள் உடனே ஆக்ஷேபித்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஸிம்பனி என்பது பெரும்பாலும் வாத்தியங்களுக்கென்றே எழுதப்படுவது. பொதுவாக நான்கு பாகங்கள் கொண்டது. மனிதக் குரலுக்கு அதில் இடமில்லை. பீத்தோவன் 1824-ல் அரங்கேற்றிய ஒன்பதாவது ஸிம்பனியில் பாடகர்களைச் சேர்த்தது பெரிய விதிவிலக்கு. தெய்விகமான ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தனிப் பாடகர், பாடகர் கூட்டம், வாத்தியக் குழு ஆகிய மூன்றையும் வைத்து, வேஷமும் நடிப்பும் இல்லாமல் நடத்தும் இசைக்கு 'ஆரடோரியோ' என்று பெயர். 1742-ல் டப்ளின் நகரில் முதன் முதலாகப் பாடப்பட்ட ஹாண்டெலின் 'மெஸையா' அந்த வகையைச் சேர்ந்தது. 'திருவாசக'மும் அந்த இனந்தான்.

இந்த வழக்குக்குக் காலமே தீர்ப்பு எழுதிவிட்டது. 2025-ம் வருஷம் மார்ச் மாதம் 8-ந் தேதி லண்டனில், ராயல் பில்ஹார்மானிக் குழுவினரைக் கொண்டு, இளையராஜா தமது ஸிம்பனியை அரங்கேற்றினார். அதில் நான்கு பாகங்கள் இருந்தன, வாத்தியங்களே பேசின. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிற பள்ளிக்கூடத்துப் பையன்கூட, எது ஸிம்பனி, எது ஆரடோரியோ என்று சொல்லிவிடுவான்.

ஆனால் 2005-ல் நடந்த விவாதத்தில் பெயர் ஒரு சாக்குத்தான். அடியில் கிடந்த கேள்வி வேறு. சைவப் பெரியவர்களில் சிலர், மந்திரத்துக்குச் சமானமான வாக்கை மேளதாளமாக்கலாமா என்றார்கள். பகுத்தறிவுக் கட்சியினர், தமிழில் எடுத்துக்கொள்ள வேறு நூலே இல்லையா என்றார்கள். ரஸிகர்களோ, கேட்பதற்கு முன்பே, உலகத்தில் இதைப் போல் ஒன்று உண்டானதில்லை என்று முடிவு கட்டினார்கள். கண்டித்தவர்களும் கொண்டாடினவர்களும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்: பாட்டைக் கேட்கும் சிரமத்தைப் பலர் மேற்கொள்ளவில்லை.

பிறரை மட்டும் குறை கூறுவது தர்மமாகாது. நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தாம். அப்போது நாம் பட்டம் பெற்றுப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. ஆசிரியர் அறையில் நடந்த பேச்சில், "வயலினும் குழலும் வந்து நமக்குத் திருவாசகம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?" என்று கைதட்டல் வாங்கும் பாவனையில் கேட்டுவிட்டோம். கேட்காமலே அபிப்பிராயம் சொல்வதில் உள்ள சௌகரியம் வேறு எதிலும் இல்லை! அருகிலிருந்த கணக்காசிரியர், "நீங்கள் மட்டும் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், ஸார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நமக்குச் சுருக்கென்று தைத்தது. பாடப் புத்தகத்திலிருந்த திருவாசகப் பாட்டை நாம் கற்பித்த விதம் இதுதான்: பகுதி இன்னது, விகுதி இன்னது, இலக்கணக் குறிப்பு இன்னது, இரண்டு மதிப்பெண். பையன்கள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்தார்கள். 'திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார்' என்ற பழமொழியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, நாமே உருகாமல் நின்றோம்.

ஓதுவார் சொன்ன தீர்ப்பு

அந்த வாரமே தொகுப்பை வாங்கினோம். வாங்கியவுடன் ஓர் எண்ணம் தோன்றியது. நமது தெருவுக்கு அடுத்த தெருவில் வயது முதிர்ந்த ஓதுவார் ஒருவர் இருந்தார். அவரிடம் போட்டுக் காட்டினால் நன்றாகத் திட்டுவார். அந்தத் திட்டையே நமது கட்சிக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம் என்று கருதினோம்.

பெரியவர் திண்ணையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஆறு உருப்படிகளையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் நெடுநேரம் பேசவில்லை. "ஐயா, தேவலையா?" என்று மெல்லக் கேட்டோம்.

"தம்பி, தேவாரத்துக்குப் பண் வகுத்திருக்கிறது. திருவாசகத்தை நாங்கள் மோகனத்திலே பாடுவது வழக்கம். வழக்கம் என்பது பலபேர் நடந்து நடந்து உண்டான தடம். இவர் வேறு தடத்தில் போயிருக்கிறார். போகட்டும், சேருகிற இடம் அதுதானா என்று பார்த்தேன்."

"சேர்ந்தாரா, ஐயா?"

"சில இடத்தில் சேர்ந்திருக்கிறார். சில இடத்தில் வாத்தியம் பெருகி வருகிறபோது சொல் முழுகிப்போகிறது. சொல் முழுகினால் பிறகு திருவாசகம் ஏது? ஆனால் தனிக் குரலாகப் பாடுகிற இடத்தில், இவர் படித்துவிட்டுப் பாடவில்லை, பட்டுவிட்டுப் பாடுகிறார் என்று தெரிகிறது."

சிறிது பொறுத்து அவரே தொடர்ந்தார்: "நான் சந்நிதியில் நின்று பாடியிருக்கிறேன். ஜனங்கள் என் முதுகுக்குப் பின்னால் தரிசனத்துக்கு நெருக்கிக்கொண்டு போவார்கள். நின்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். இதை நாலு பேர் நின்று கேட்கிறார்கள் என்றால் நான் எதற்காகக் கோபப்படவேண்டும்?"

திட்டு வாங்கப் போன நாம் பாடம் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

கேட்கும் வகை

இந்த இடத்தில், தொகுப்பைக் கேட்க எண்ணும் குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. நமது கச்சேரியில் பாடகர் ஒரு வழியாகப் போவார். பிடில்காரர் அவரை நிழல்போல் தொடர்வார். சங்கீதம் ஒரே இழையாக ஓடும். மேனாட்டு முறையில் ஒரே சமயத்தில் பல இழைகள் வெவ்வேறாக ஓடி, ஒன்றோடொன்று இசைந்து செல்லும். ஒவ்வொரு வாத்தியமும் எந்த நொடியில் எந்த ஸ்வரத்தை வாசிக்கவேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தமிழே அறியாத புடாபெஸ்ட் வித்வான்கள் வாசிக்க முடிந்தது அதனால்தான்.

பௌர்ணமியன்று நமது ஊரில் கிரிவலம் வருவோரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாதை 14 கிலோமீட்டர். ஒருவர் விரைந்து நடக்கிறார். கிழவி ஒருத்தி கோலூன்றிச் செல்கிறாள். ஒரு குடும்பம் குழந்தையைத் தோளில் சுமந்து நின்று நின்று போகிறது. நடை வேறு, வலம் வரும் மலை ஒன்று. வாத்தியங்களைத் தனித்தனியே துரத்திக்கொண்டு போகாமல், நடுவில் நிற்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்டால், காதுக்கு மயக்கம் வராது.

ஆங்கிலப் பகுதிகளைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அவை அயல்நாட்டாருக்கு வாசல் திறக்கலாம். நமது வீட்டில் அவை மனத்தில் ஒட்டவில்லை. ஆங்கிலம் ஓய்ந்து தமிழ்க் குரல் மறுபடியும் எழும்போது கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் உண்மை.

இதற்கு முன்னும் தமிழ்நாட்டில் ஓர் இசைச் சண்டை நடந்தது. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மகாநாடும், 1943-ல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் அதன் விளைவுகள். கச்சேரி மேடையில் தமிழுக்கு உரிய இடம் உண்டா என்பது அன்றைய கேள்வி. உண்டு என்று நிலைநாட்டிவிட்டார்கள். 2005-ல் மேடை பெரிதாயிற்று, கேள்வியும் மாறிற்று. உலக மேடைக்குப் போகும் தமிழ், தமிழாகவே போய்த் திரும்புமா? இதற்கு விடை மேடையில் இல்லை. நமது வீடுகளில் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

சயாம் தேசத்து உதாரணம் ஒன்று உண்டு. இன்று தாய்லாந்து என்று வழங்கும் அந்நாட்டின் தலைநகரில், அரசவைப் பிராமணர்கள் நடத்தும் ஒரு சடங்குக்குத் 'திரியம்பாவாய்' என்று பெயர். நமது திருவெம்பாவையின் பெயர்தான் அப்படித் திரிந்து வழங்குகிறது. கடல் கடந்து சென்ற பழந்தமிழ்ப் பாட்டு, பொருள் மறந்த மந்திரமாக அங்கே ஓதப்பட்டு வந்திருக்கிறது. ஒலி பிழைத்தது, பொருள் போயிற்று. இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. நமது வகுப்பை நினைத்தவுடன் நின்றுவிட்டது. இரண்டு மதிப்பெண்ணுக்காக ஒப்பித்த பையன்களைப் பார்த்தால், சயாம் அவ்வளவு தூரத்தில் இல்லை!

ஒரு பையனின் கேள்வி

அந்த வருஷம் மார்கழிக்கு முன், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குத் தொகுப்பைப் போட்டுக் காட்டினோம். இலக்கணக் குறிப்பு எதுவும் கேட்கவில்லை. மறுமுறை கேட்டபோது சிலர் சேர்ந்து முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள், கடைசிப் பெஞ்சில் உட்காருகிற ஒருவன், சிவபுராணத்தின் நடுவிடத்தைப் பன்னிரண்டு அடி தடையில்லாமல் சொன்னான். அதுவரையில் நாலு அடி வெண்பாவை நாற்பது நாள் படித்தும் சொல்லாதவன்!

பிறகு, எந்தப் பாட்டு எந்தத் தலத்தில் அருளியது என்று பழைய பதிப்புகளில் கண்டபடி கரும்பலகையில் எழுதினோம். யாத்திரைப் பத்து, திருக்கோத்தும்பி, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து ஆகிய நான்கும் தில்லை. சிவபுராணம், திருப்பெருந்துறை. பிடித்த பத்து, சீர்காழி என்னும் திருத்தோணிபுரம். எழுதி முடித்ததும் அதே கடைசிப் பெஞ்சுக்காரன் எழுந்து நின்றான்.

"ஸார், நம்ம ஊரில் பாடினது எது?"

திருவெம்பாவையும் திருவம்மானையும் திருவண்ணாமலையில் பாடியவை என்று சொன்னோம்.

"அந்த இரண்டும் இதில் இல்லையே, ஸார்?"

இல்லை என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. "அப்படியானால் நம்ம ஊர்ப் பாட்டை யார் பாடுவார்கள்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் கொஞ்சமும் அகம்பாவம் இல்லை; விடை தெரியாமல்தான் கேட்டான். பட்டம் பெற்ற நமக்கும் உடனே விடை தெரியவில்லை.

விடையைப் பெரியவரிடம் கொண்டுபோனோம். "நீங்கள்தான் பாடவேண்டும், இதற்குப் புடாபெஸ்டுக்கா ஆள் அனுப்புவது?" என்று சிரித்தார். ஒரு வாரம் மாலை நேரத்தில் பையன்களைத் திண்ணையில் உட்காரவைத்து, இருபது பாட்டுக்களில் ஐந்தைப் பழைய மோகனத்திலேயே சொல்லிக் கொடுத்தார். மார்கழியில் ஒருநாள் விடியுமுன், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையிலுள்ள மாணிக்கவாசகர் கோயிலுக்குப் பதினெட்டுப் பையன்களை அழைத்துச் சென்றோம். பனி கொட்டிற்று. பாதிப் பேருக்குக் குரல் உடையும் பிராயம். சுருதி எங்கோ, அவர்கள் எங்கோ! ஒருவன் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தூங்கி வழிந்தான். 'தோழியை எழுப்பும் பாட்டுக்கு இவனே பொருத்தமான தோழி' என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அண்ணாமலையார் பெயர் வருகிற பதினெட்டாம் பாட்டுக்கு வந்தபோது எதிரே மலை மெல்லத் தெரியத் தொடங்கிற்று. பையன்கள் தாமாகவே குரலை உயர்த்தினார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்ல நாம் வாயைத் திறக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

பெரியவர் இப்போது இல்லை. அந்தப் பதினெட்டுப் பேரில் எத்தனை பேருக்கு ஐந்து பாட்டும் நினைவிருக்கிறது என்று நாம் கணக்கெடுக்கவில்லை; பலருக்கு மறந்திருக்கும். கடைசிப் பெஞ்சுக்காரன் மட்டும் பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போடுகிறான். சென்ற மார்கழியில் அவனைக் கண்டபோது, கைப்பேசியில் அதே சிவபுராணம் ஓடிக்கொண்டிருந்தது. "ஆங்கிலம் வருகிற இடத்தைத் தள்ளிவிட்டுவிடுவேன், ஸார்," என்றான். பிறகு சற்று வெட்கத்தோடு, "பெண்ணுக்குத் திருவெம்பாவையில் இரண்டு பாட்டு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது எனக்கே மறந்துவிட்டது," என்றான். மறந்த பாட்டை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஓர் இசைத் தொகுப்பின் தரத்தை அளக்கப் பலருக்குப் பல அளவுகோல்கள் உண்டு. எத்தனை பிரதிகள் விற்றன என்பது வியாபாரியின் கணக்கு. அதன் இனம் எது என்பது சாஸ்திரியின் கணக்கு. பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்றையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறோம்: கேட்டவர்களில் எத்தனை பேர் மூல நூலைத் திறந்தார்கள்? இந்தக் கணக்கில் அந்தத் தொகுப்பு தேறியதா, தவறியதா என்பதை இசையமைத்தவர் தீர்மானிக்க முடியாது. அவர் செய்யவேண்டியதை 2005-லேயே செய்துவிட்டார். பாக்கி இருப்பது நமது பங்கு.

வரும் மார்கழியில் வாசகர்கள் ஒருநாள் வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, அந்த ஆறு பாட்டையும் கேட்கட்டும். பிடித்தால் புகழட்டும், பிடிக்காவிட்டால் தாராளமாகக் குறை சொல்லட்டும். கேட்டு முடிந்ததும் திருவாசகப் புத்தகத்தை எடுத்து, தொகுப்பில் இல்லாத திருவெம்பாவையை வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியரைவிட்டு உரக்கப் படிக்கச் சொல்லட்டும். அதற்கு வாத்தியக் குழு வேண்டாம். சுருதி சேராவிட்டாலும் குற்றமில்லை.